இளங்கலை வரலாறு: மூன்றாண்டுப் பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மூன்றாண்டு இளங்கலை வரலாற்றுப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. துறை கொடுத்த பட்டியலில் கட்டாயப் பாடங்கள் சிலவும் விருப்பப் பாடங்கள் ஏராளமாகவும் இருக்கின்றன. பண்டைய காலத்திலிருந்து இன்று வரை எல்லாவற்றையும் வரிசையாகப் படிப்பதா, பிடித்த காலத்தை மட்டும் பிடித்துக்கொள்வதா, புதிதாக ஒரு மொழி கற்பது அவசியமா, பிற துறைப் பாடங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாறு கற்பித்த ஆண்டுகளில் மாணவர்களின் பாடத்தேர்வுப் படிவங்களில் நூற்றுக்கணக்கான கையெழுத்துகளைப் போட்டவன் நான். அவற்றில் சில கையெழுத்துகளைப் போட்டிருக்கக் கூடாது என்று பிறகு வருந்தியதும் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசிப் பருவத்தில் எழுதப்போகும் ஆய்வேட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள். ஆய்வேட்டின் தலைப்பு இன்றே தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தால்கூட அது மாறிவிடும். ஆனால் எந்தத் தலைப்பானாலும் அன்றைக்கு உங்களிடம் இருக்க வேண்டியவை மாறுவதில்லை. மூலச் சான்றை அது எழுதப்பட்ட மொழியில் படிக்கும் திறன், அந்தப் பொருள் குறித்து அறிஞர்கள் இதுவரை எதில் முரண்பட்டிருக்கிறார்கள் என்ற அறிவு, விடை காணத்தக்க அளவுக்குக் கேள்வியைச் சுருக்கத் தெரிவது, உங்கள் எழுத்தை ஏற்கெனவே படித்திருக்கும் ஓர் ஆசிரியர் ஆகியவையே அவை. இவற்றில் எதுவும் ஒரே பருவத்தில் வந்து சேராது என்பதால்தான் திட்டம் தேவைப்படுகிறது.

எல்லாக் காலத்தையும் படித்துவிட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் வேகம் தணியும். மெசொப்பொத்தேமியாவில் எழுத்து தோன்றியது ஏறத்தாழ கி.மு. 3200 என்று கொண்டால், எழுத்துச் சான்றுள்ள வரலாறு மட்டுமே 5,200 ஆண்டுகளுக்குக் குறையாது. ஆறு பருவங்கள், பருவத்துக்கு 14 வாரங்கள் என வைத்தால் உங்களுக்குக் கிடைப்பவை 84 வாரங்கள். வாரத்துக்கு 60 ஆண்டுகளுக்கு மேல், அதுவும் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஓட வேண்டியிருக்கும். அப்படி ஓடியவரிடம் மிஞ்சுவது அரசர் பெயர்களும் போர் ஆண்டுகளும்தான். அவை எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும். ஆகவே நீண்ட காலப்பரப்பைச் சுருக்கமாகக் காட்டும் அறிமுகப் பாடங்களை முதலாண்டில் ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவை தரும் எலும்புக்கூடு பயனுள்ளதே: எது எதற்கு முன், எது எதோடு சமகாலம் என்ற உணர்வு இல்லாதவர் பிறகு தடுமாறுவார். ஆனால் அதே வகைப் பாடத்தை மூன்றாவது முறையாக எடுப்பவர் புதிதாக எதையும் கற்பதில்லை.

காலத்தையும் நாட்டையும் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். அதைவிடப் பயனுள்ள வழி, அந்தப் பாடம் உங்களை எந்த வகைச் சான்றின் முன் உட்கார வைக்கிறது என்று பார்ப்பது. இதுவே இந்தப் பதிலில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ் வாசகர் அரிது. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பதற்கான விதிகளைச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக இருக்க வேண்டும். 921ஆம் ஆண்டு விதியின்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. அறிமுகப் பாடத்தில் இதைப் படிப்பவர், பத்தாம் நூற்றாண்டில் தேர்தல் இருந்தது என்று எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார். கல்வெட்டியல் பாடத்தில் இதே வரிகளின் முன் உட்கார்ந்தவர் வேறு கேள்விகளைக் கேட்பார். இது நடந்ததைச் சொல்லும் சான்றா, நடக்க வேண்டியதைச் சொல்லும் சான்றா? விதி இருப்பதாலேயே அது பின்பற்றப்பட்டது என்று கொள்ளலாமா? கணக்குக் காட்டாதவரைத் தடுக்கத் தனி விதி எழுதப்பட்டது என்றால், கணக்குக் காட்டாதவர் இருந்தார்கள் என்றுதானே பொருள்? இரண்டே ஆண்டுகளில் விதியைத் திருத்தி மறுபடி வெட்ட வேண்டி வந்தது ஏன்? இந்தச் சபை பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை என்றால், நிலமற்றவரும் பெண்களும் பிற குடிகளும் இதில் எங்கே நின்றார்கள்? கல் ஒன்றுதான், முதலாமவர் அதிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு போகிறார், இரண்டாமவர் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்கிறார்.

வேறொரு வகைச் சான்று வேறொரு பழக்கத்தைத் தரும். இங்கிலாந்தில் ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டார். பழைய மக்கள்தொகையைக் கணக்கிடுவதற்கு இவை அரிய செல்வம். ஆனால் பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானம், பிறப்பு அன்று. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்துபோன குழந்தை அந்தப் பத்தியில் இல்லை. பங்குக் கோயிலுக்கு வராத பிற சமயப் பிரிவினரும் அதில் சரிவர இல்லை. எண்ணிக்கையை எண்ணுவதற்கு முன், எது எண்ணப்படவில்லை என்று கேட்கும் பழக்கம் இத்தகைய பதிவேடுகளோடு புழங்கினால்தான் வரும். கடிதங்களும் நாட்குறிப்புகளும் இன்னொரு பழக்கத்தைத் தரும். வாய்மொழி வரலாறு, எதிரே உட்கார்ந்திருக்கும் உயிருள்ள மனிதரிடம் எப்படிக் கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது என்பதைக் கற்றுத்தரும். மூன்றாண்டுகளுக்குள் குறைந்தது மூன்று வகைச் சான்றுகளோடு நேரடியாகப் பழக நேரும்படி உங்கள் பாடங்கள் அமைந்தால், காலவரிசையில் எத்தனை இடைவெளி இருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாடத்தின் பெயரில் தெரியாது. பாடத்திட்டத்தை வாங்கி, வாரவாரம் என்ன படிக்கச் சொல்கிறார்கள், எதற்கு மதிப்பெண் தருகிறார்கள் என்ற இரண்டு பகுதிகளை மட்டும் பாருங்கள். பதினான்கு வாரமும் ஒரே பாடநூலின் இயல்கள், முடிவில் மூன்று மணி நேரத் தேர்வு என்று இருந்தால், பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அது தகவல் பாடம். ஆவணத் தொகுப்பு, ஒன்றுக்கொன்று முரண்படும் கட்டுரைகள், ஒரே சான்றைக் குறித்து நான்கு பக்கம் எழுதும் பயிற்சி, முதல் வரைவைத் திருத்தி மறுபடி கொடுக்கும் ஏற்பாடு ஆகியவை இருந்தால், பொருள் உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம். வரைவைத் திருத்தித் தரும் ஆசிரியருக்காகவே பாடத்தை எடுத்த மாணவர் எவரும் பிறகு என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டதில்லை.

அடுத்தது தொலைவு. பிடித்த காலத்திலேயே மூன்றாண்டும் தங்கிவிடுவது எளிது. நானே அந்தத் தவற்றைச் செய்தவன். மாணவனாக இருந்தபோது இருபதாம் நூற்றாண்டின் போர்களையும் அவற்றின் அரசியலையும் பற்றி ஐந்து பாடங்கள் எடுத்தேன். ஐந்திலும் நல்ல மதிப்பெண். ஐந்தாவது பாடத்தில் நான் எழுதிய கட்டுரை, இரண்டாவது பாடத்தில் எழுதியதன் நீட்சி என்பதை ஓர் ஆசிரியர் சுட்டிக்காட்டியபோதுதான், ஒரே வட்டத்தைச் சுற்றிவந்திருக்கிறேன் என்று புரிந்தது. உங்களுக்குப் பிடித்த காலத்திலிருந்து குறைந்தது 500 ஆண்டுகள் தள்ளி ஒரு பாடமும், உங்களுக்குப் பழக்கமான நிலப்பரப்பிலிருந்து வெகு தூரத்தில் ஒரு பாடமும் இருக்கட்டும்.

இது அழகுக்காகச் சொல்வதன்று. ஒப்பிடத் தெரியாதவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைத் தாக்கிய கொள்ளைநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அழிந்தது. உழைக்கும் கைகள் குறைந்ததால் கூலி ஏறியது. இங்கிலாந்தில் கூலியைப் பழைய அளவிலேயே கட்டிவைக்க 1351இல் சட்டம் போட்டும் பலிக்கவில்லை. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் பண்ணையடிமை முறை அங்கே தேய்ந்துபோயிற்று. இங்கிலாந்து வரலாற்றை மட்டும் படித்தவர், ஆள் குறைந்ததால் அடிமைத்தளை அறுந்தது என்று காரணத்தை எழுதி முடித்துவிடுவார். ஜெர்மனியில் ஓடும் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நாடுகளைப் பற்றியும் ஒரு பாடம் படித்தவருக்கு அப்படி எழுதக் கை வராது. அங்கேயும் நிலத்துக்கு ஆள் போதாத நிலைதான். ஆனால் அங்கே நிலக்கிழார்கள் அடுத்த நூற்றாண்டுகளில் பிடியை இறுக்கி, குடியானவர்களை நிலத்தோடு கட்டிப்போட்டார்கள். ஒரே நிலைமை இரு வேறு விளைவுகளைத் தந்திருக்கிறது என்றால், உண்மையான காரணம் அந்தந்த இடத்தில் நிலக்கிழாருக்கும் குடியானவருக்கும் இருந்த பலத்தில் இருக்க வேண்டும் அல்லவா? வரலாற்றாசிரியர் இராபர்ட் பிரென்னர் 1976இல் எழுப்பிய விவாதத்தின் நடுநாடி இதுதான். அதன் முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். அந்தக் கேள்வியைக் கேட்க இரண்டு இடங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் கண்டிப்பானவன்: முதல் பருவத்திலேயே தொடங்குங்கள். ஒரு மாணவி ஆட்டோமன் பேரரசின் துறைமுகங்களைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும் என்று இறுதியாண்டுத் தொடக்கத்தில் என்னிடம் வந்தார். இன்றைய துருக்கி மொழியில் ஓரளவு பயிற்சி பெற்றிருந்தார். அது போதும் என்று நம்பியிருந்தார். துருக்கி 1928இல் அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறியது. அதற்கு முற்பட்ட ஆவணங்கள் அரபு எழுத்தில், பாரசீக, அரபுச் சொற்கள் மலிந்த நடையில் இருக்கும். துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டவரே தனிப்பயிற்சி இல்லாமல் அவற்றைப் படிக்க இயலாது. எட்டு மாதத்தில் அதைக் கற்று ஆய்வேட்டையும் எழுத வழியில்லை. கடைசியில் பயணிகள் எழுதிய ஆங்கிலக் குறிப்புகளை வைத்து எழுதினார். ஆய்வேடு நன்றாகவே வந்தது, ஆனால் அது துறைமுகத்தைப் பற்றியதாக இல்லாமல் துறைமுகத்தைப் பார்த்துவிட்டுப் போன அந்நியரைப் பற்றியதாக ஆகிவிட்டது. முதலாண்டில் எவராவது எச்சரித்திருந்தால் அவர் நினைத்ததை எழுதியிருப்பார்.

எந்த மொழி என்பது நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இடைக்கால ஐரோப்பா என்றால் இலத்தீன். முகலாயர் காலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க ஆட்சியும் என்றால் பாரசீகம், ஏனெனில் 1837 வரை அலுவல் மொழி அதுவே. ஆசியக் கடல்வணிகம் என்றால் போர்த்துகீசியமோ டச்சோ. 1602 முதல் 1799 வரை இயங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விட்டுச்சென்ற ஆவணங்கள் இலட்சக்கணக்கான பக்கங்கள். படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. பேசவும் எழுதவும் சரளம் வேண்டியதில்லை. அகராதியின் துணையோடு ஒரு பக்கத்தை ஒரு மணி நேரத்தில் படித்துப் பொருள் கொள்ளும் நிலை போதும். நான்கு பருவங்கள் விடாமல் படித்தால் பெரும்பாலோர் அதை எட்டிவிடுகிறார்கள்.

உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதையும் கையிருப்பில் எழுதிக்கொள்ளுங்கள். பலர் அதை ஒரு தகுதியாகவே நினைப்பதில்லை. ஆனால் தமிழ் தெரிவது வேறு, பழைய தமிழ் ஆவணத்தைப் படிக்கத் தெரிவது வேறு. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. ஒரே எழுத்துத் தொடரை மூன்று விதமாகப் படிக்க இடமிருக்கும்போது, எது சரி என்பதை இடம் நோக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய எழுத்து முறைகளான வட்டெழுத்தும் கிரந்தமும் தனிப் பயிற்சிகள். இவற்றைக் கற்பிக்கும் பாடமோ குறுகிய காலப் பயிற்சியோ கிடைத்தால், அதே நேரத்தில் இருக்கும் வேறெந்த விருப்பப் பாடத்தையும் விட்டுவிட்டு அதில் சேரலாம் என்பது என் கருத்து.

வரலாறு இதுவரை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஆராயும் வரலாற்று வரைவியல் என்ற பெயரில் ஒரு கட்டாயப் பாடம் பெரும்பாலான துறைகளில் உண்டு. இதை மாணவர்கள் கசப்பு மருந்துபோல இறுதியாண்டுக்குத் தள்ளிவைப்பார்கள். துறை அனுமதித்தால் இரண்டாமாண்டின் முதல் பருவத்திலேயே முடித்துவிடுங்கள். பிரெஞ்சுப் புரட்சி எழுச்சிபெற்ற முதலாளி வர்க்கத்தின் புரட்சி என்ற விளக்கம் நீண்ட காலம் கோலோச்சியது. 1950களில் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் காபன் அதைக் கேள்விக்குள்ளாக்கினார். பிறகு பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிரான்சுவா ஃபுரே அரசியல் சிந்தனைகளின் பக்கம் விவாதத்தைத் திருப்பினார். பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் மார்க் பிளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் 1929இல் தொடங்கிய இதழைச் சுற்றி, அரசர்களையும் போர்களையும் விட்டுப் பயிர், விலை, தட்பவெப்பம், மனப்பாங்கு ஆகியவற்றைப் படிக்கும் மரபு வளர்ந்தது. இந்திய வரலாற்றாசிரியர் இரணஜித் குஹாவின் தலைமையில் 1982 முதல் வெளிவந்த தொகுதிகள், ஆட்சியாளர் எழுதிய கோப்புகளிலிருந்தே எளியோரின் கலகத்தை எப்படி மீட்டெடுப்பது என்று காட்டின. இவற்றைப் படித்த பிறகு பிற பாடங்களில் வாசிப்புப் பட்டியல் வெறும் பட்டியலாகத் தெரியாது. யார் யாருக்கு மறுமொழி சொல்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அந்தப் பயன் ஐந்தாம் ஆறாம் பருவங்களில் கிடைக்க வேண்டுமானால் பாடம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பிற துறைப் பாடங்களில் இரண்டுக்கு இடம் விடுங்கள். அதற்கு மேல் போனால் வரலாறு மெலிந்துவிடும். எதை எடுப்பது என்று கேட்டால், தயங்காமல் அடிப்படைப் புள்ளியியல் என்பேன். வரலாற்று மாணவர்கள் எண்ணைக் கண்டால் ஒதுங்குகிறார்கள், அதனாலேயே விலைவாசியையும் மக்கள்தொகையையும் பற்றி யாரோ சொன்னதை அப்படியே நம்ப வேண்டிவருகிறது. பண்டைய காலத்தில் நாட்டமுள்ளவர் தொல்லியலில் ஒன்று எடுக்கலாம். பழம்பொருளின் வயதைக் கணிக்க உதவும் கதிரியக்கக் கரிமத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் என்று மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, ஆய்வகம் தருவது ஓர் ஆண்டன்று, ஒரு கால இடைவெளியும் அதற்கான நிகழ்தகவும்தான் என்பதை மறந்துவிட்டு, இடைவெளியின் பழைய முனையை மட்டும் எடுத்துத் தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். மண்ணடுக்கை நேரில் பார்த்தவர் அந்தப் பிழையைச் செய்யத் தயங்குவார்.

இனி நேரக் கணக்கு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வரையறுத்திருக்கிறார்கள். பருவத்துக்கு 30 கிரெடிட் என்றால் 750 முதல் 900 மணி நேரம். தேர்வு வாரங்களையும் சேர்த்துப் பருவத்தை 20 வாரமாகக் கொண்டாலும் வாரத்துக்கு 37 முதல் 45 மணி நேரம் ஆகிறது. இதில் வகுப்பறையில் செலவாவது சிறுபகுதிதான். உங்கள் பல்கலைக்கழகத்தின் கணக்கு வேறாக இருக்கலாம். விகிதம் பெரிதாக மாறாது. என் அனுபவத்தில், பழகிய மாணவர் ஒரு மணி நேரத்தில் தெளிவான ஆய்வு நூலில் 25 பக்கம் படிப்பார். பதினேழாம் நூற்றாண்டு ஆவணத்தில் ஐந்து பக்கம் நகர்ந்தாலே பெரிது. ஆகவே வாரம் 150 பக்கம் படிக்கச் சொல்லும் பாடங்கள் ஒரு பருவத்துக்கு இரண்டு போதும். மூன்றாவதாக மொழிப் பாடம், நான்காவதாகக் கணக்குப் போடுவது போன்ற வேறு வகை உழைப்புக் கேட்கும் பாடம் என்று கலந்துகொள்ளுங்கள். பதிவு செய்யுமுன், எடுக்க நினைக்கும் எல்லாப் பாடங்களின் ஒப்படைப்புத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று கட்டுரைகள் ஒரே வாரத்தில் வந்து நிற்பது பதினோராம் வாரத்தில்தான் பலருக்குத் தெரியவருகிறது.

நிர்வாகச் சிக்கல்களும் உண்டு. இறுதியாண்டுக் கருத்தரங்குப் பாடங்கள் பலவற்றுக்கு முன்தகுதியாக இரண்டாமாண்டுப் பாடம் ஒன்று கேட்பார்கள். சில பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டே நடக்கும். நீங்கள் நம்பியிருக்கும் ஆசிரியர் அந்த ஆண்டு ஆய்வு விடுப்பில் போய்விடலாம். இவற்றைத் துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடலாம். ஒரு பருவம் வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாய்ப்பு இருந்தால் அதை இரண்டாமாண்டில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எதற்கு ஈடாகக் கணக்கில் சேரும் என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் படித்த இடத்தில் வாய்மொழியாகச் சரி என்றார்கள். திரும்பி வந்தபோது அந்தப் பொறுப்பில் வேறொருவர் இருந்தார். இரண்டு பாடங்கள் கணக்கில் சேராமல் போய், ஒரு பருவம் பிந்திப் பட்டம் வாங்கினேன்.

ஆய்வேட்டுக்கு வருகிறேன். பல பல்கலைக்கழகங்களில் அது 8,000 முதல் 12,000 சொற்கள் வரை இருக்கும். கேட்கப் பெரிதாகத் தெரிந்தாலும், எழுதத் தொடங்கியதும் இடம் போதவில்லை என்பதுதான் எல்லோர் புலம்பலும். 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சா என்று தலைப்பு வைத்தால் அது பத்து நூலுக்கான பொருள். ஒரு நகரம் என்று சுருக்குங்கள். அந்த நகரத்தில் வெளிவந்த ஒரு நாளிதழ். அந்த நாளிதழில் 1918 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. அதிலும் நோயைப் பற்றிய செய்திகளை விட்டுவிட்டு, மருந்து விளம்பரங்கள். இப்போது உங்களிடம் நூறு நூற்றிருபது இதழ்கள், எண்ணக்கூடிய அளவு விளம்பரங்கள், விடை காணத்தக்க ஒரு கேள்வி இருக்கின்றன: மருத்துவத்திடம் மருந்து இல்லாதபோது மக்களிடம் எது விற்கப்பட்டது, எந்தச் சொற்களில் விற்கப்பட்டது? நெறியாளர்கள் விரும்புவது இப்படிப்பட்ட தலைப்பைத்தான்.

நான்காம் பருவம் முடிந்த விடுமுறையில், நினைத்திருக்கும் சான்று உண்மையில் இருக்கிறதா, பார்வைக்குத் திறந்திருக்கிறதா, உங்களால் படிக்க முடிகிறதா என்று நேரில் சோதித்துவிடுங்கள். அண்மைக்கால வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அரசுக் கோப்புகளை 20, 25 அல்லது 30 ஆண்டுகளுக்குப் பிறகே திறக்கும் விதி பல நாடுகளில் உள்ளது. பிரிட்டனில் இருந்த 30 ஆண்டு விதி 2013 முதல் படிப்படியாக 20 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. காலம் கடந்த கோப்பும் திறந்திருக்கும் என்பது உறுதியில்லை. பட்டியலில் எண் இருக்கும், கோப்பு இருக்காது; கோப்பு இருக்கும், பாதிப் பக்கங்கள் நீக்கப்பட்டிருக்கும். அதை ஐந்தாம் பருவத்தின் நடுவில் கண்டுபிடிப்பதைவிட விடுமுறையில் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

இவற்றையெல்லாம் பருவங்களில் பொருத்திப் பார்த்தால் ஏறத்தாழ இப்படி வரும். முதலாண்டில் ஓர் அறிமுகப் பாடம் அல்லது இரண்டு, மொழி, சான்று வாசிப்பைக் கற்றுத்தரும் சிறிய வகுப்பு ஒன்று, புள்ளியியல். இரண்டாமாண்டில் வரைவியல், மொழியின் தொடர்ச்சி, தொலைவான காலத்திலும் தொலைவான இடத்திலும் ஒவ்வொரு பாடம், உங்கள் நாட்டம் இருக்கும் துறையில் முதல் கருத்தரங்கு. அந்தக் கருத்தரங்கின் ஆசிரியரே பிறகு நெறியாளராக அமைவது நல்லது. அவருக்கு எழுதும் கட்டுரையை ஆய்வேட்டின் ஒத்திகையாக எண்ணிக்கொள்ளலாம். ஐந்தாம் பருவத்தில் ஆய்வேட்டின் தலைப்பை ஒட்டிய இரு பாடங்கள் மட்டும். ஆறாம் பருவத்தில் ஆய்வேடும், அதனோடு தொடர்பே இல்லாத, மனத்துக்கு ஓய்வு தரும் ஒரு பாடமும். பட்டத்துக்குப் பிறகு பள்ளி ஆசிரியர் பணியையோ சட்டப் படிப்பையோ எண்ணியிருந்தால், அதற்குக் குறிப்பிட்ட பாடங்கள் கட்டாயமா என்று முன்பே விசாரித்து, அவற்றை இரண்டாமாண்டுக்குள் முடித்துவிடுங்கள்.

படிவத்தைக் கொடுக்குமுன் கால அட்டவணையை ஒருமுறை பாருங்கள். மொழி வகுப்புகள் வாரத்தில் நான்கைந்து நாள் ஒரே நேரத்தில் நடக்கும். அது கட்டாயப் பாடத்தோடு மோதினால், கட்டாயப் பாடத்தை அடுத்த பருவத்தில் எடுக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் உண்டு. விருப்பப் பாடத்தோடு மோதினால், அந்த விருப்பப் பாடத்தின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.